ஓடிப்போன ராஜாவின் வரி

லிண்டர்கெர்க்க,
3 செப்டம்பர் 2023

அன்புள்ள தம்பி ஈவோவுக்கு,

அக்கா வேர்லெ எழுதுகிறேன். இங்கே நான் நலம். லூக்கின் முதுகு நலமில்லை. அது கல்யாணமான நாளிலிருந்தே நலமில்லை என்பதால் அதையும் நலம் என்றே வைத்துக்கொள். நீ எப்படி இருக்கிறாய்? அந்த வடக்குக் கோடியில் இப்போதே குளிர ஆரம்பித்திருக்குமே. கிறிஸ்துமஸ் அட்டையில் இரண்டு வரிக்கு மேல் நாம் எழுதிக்கொண்டு வருடக்கணக்காகிறது. தடித்த உறையைப் பார்த்ததும் யாரோ போய்விட்டார்கள் என்று பயந்திருப்பாய். யாரும் போகவில்லை. எனக்கு உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது.

வரும் ஜனவரியில், புனித செபஸ்தியார் நாளன்று, நம் வில்லாளர் சங்கத்துக்கு ஐந்நூற்றைம்பது வயது. சங்கத்தின் பழைய புத்தகம் முதல் உலகப் போரில் கோயிலோடு எரிந்துபோனதே, அதைத் திரும்பச் செய்வது என்று முடிவு செய்திருக்கிறார்கள். மாலை வகுப்பில் ஆறு வருடம் குந்தி, அந்தக் காலத்தில் புத்தகங்களைக் கையால் பிரதியெடுத்த துறவிகளின் கறுத்த, நெருக்கமான எழுத்தைப் பழகியவள் ஊரில் நான் ஒருத்திதான். ஆகவே என் தலையில் கட்டிவிட்டார்கள். பகலில் பல் மருத்துவரின் வரவேற்பறை, மாலையில் பதினைந்தாம் நூற்றாண்டு. என் பிழைப்பு இப்போது இப்படிப் போகிறது.

துறவிகள் கன்றுத்தோலில் எழுதினார்கள். சங்கத்துக்கு அந்த வசதி இல்லை, அதனால் தோல் போலத் தெரியும் ஒரு காகிதம். வாத்து இறகுக்குப் பதில் எஃகுப் பேனா முள். கல்லை அரைத்துச் செய்த நிறத்துக்குப் பதில் பற்பசை போலப் பிதுக்கும் சாயம். இதெல்லாம் ஒழுங்காக வந்துவிட்டது. சட்டதிட்டங்களின் பக்கங்களை முடித்துவிட்டேன். இனி ராஜாக்களின் பக்கங்கள். மே மாதம் கம்பத்து உச்சியிலிருக்கும், இறகு செருகிய மரப்பறவையை அம்பெய்து வீழ்த்தியவன் அந்த வருடத்து ராஜா. ஒவ்வொரு ராஜாவுக்கும் ஒரு வரி, முதல் எழுத்து தங்கத்தில். அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கைவினைக் கடையில் வாங்கிய தங்கப்பொடி காய்ந்ததும் கடுகு விழுதுபோல ஆகிவிடுகிறது. நீ படகுகளின் பெயரைத் தங்கத்தில் எழுதிப் பிழைப்பவன். உன்னிடம் கேட்காமல் யாரிடம் கேட்பது?

"போன் பண்ணிக் கேளேன், என்ன குறைஞ்சுபோச்சு?" என்கிறார் லூக். போனின் திரையில் நிறம் பொய் சொல்லும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். மாதிரி அட்டைகளை இத்துடன் வைத்திருக்கிறேன். பார்த்துச் சிரி, பிறகு பதில் போடு.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அக்கா
வேர்லெ


ஸ்வோல்வேர்,
15 செப்டம்பர்

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்தது. நான் நலம். பட்டறைக்கு மேலே அதே அறை, அதே ஜன்னல், கீழே அதே மீன் வாசனை. லூக் மாமாவின் முதுகை விசாரித்ததாகச் சொல்.

உன் அட்டைகளைப் பார்த்தேன். கடுகு என்று எழுதியிருந்தாய்; கடுகுக்கு அவமானம். பட்டறைக்காரி துரிட் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "யாருப்பா இது, பூனை வாந்தி எடுத்த மாதிரி?" என்றாள். என் அக்கா என்றேன். "உனக்கு அக்கா இருக்கா? இத்தனை வருஷத்துல ஒரு வார்த்தை சொன்னதில்லையே!" என்று அன்று முழுக்க என்னை விடவில்லை.

சரி, வேலைக்கு வருவோம். பொடியைத் தூக்கிப் போடு. பித்தளைத் தாளும் வாங்காதே. ஐந்தே வருடத்தில் பச்சை பிடிக்கும், உங்கள் ராஜாக்கள் எல்லாம் பாசி படிந்து நிற்பார்கள். அசல் தங்கத் தாள் ஒரு கட்டு அனுப்புகிறேன். அதோடு ஒரு புட்டி பசை. துறவிகள் சுண்ணாம்பும் தேனும் குழைத்து, அதன்மேல் மூச்சை ஊதி ஊதி ஈரப்படுத்தி ஒட்டினார்களாம். உனக்கு அந்தப் பாடு வேண்டாம். இந்தப் பசையைத் தடவிவிட்டுப் போய்ச் சமையலைப் பார். திரும்பி வந்து விரல் கணுவால் மெல்லத் தொடு. கணு ஈரமாகக் கூடாது, ஆனால் எடுக்கும்போது சின்னதாக ஒரு 'டிக்' கேட்க வேண்டும். அப்போது தாளை வை. ஒன்றை மட்டும் மறக்காதே: முதலில் தங்கம், பிறகுதான் நிறம். மாற்றிச் செய்தால் அழுவாய்.

ஊரில் மற்றவர்கள் நலமா?

தம்பி
ஈவோ


லிண்டர்கெர்க்க,
2 அக்டோபர்

அன்புள்ள ஈவோ,

பொட்டலம் பத்திரமாக வந்தது. நாங்கள் இருவரும் நலம். உனக்கும் அதுவே வேண்டுகிறேன்.

அழுதேன். நீலம் அவ்வளவு அழகாகக் குழைந்திருந்தது, சும்மா விட மனம் வரவில்லை. முதலில் நீலத்தைப் பூசிவிட்டுப் பிறகு தங்கத்தை வைத்தேன். தங்கம் எழுத்திலும் ஒட்டியது, நீலத்திலும் ஒட்டியது, என் மூக்கிலும் ஒட்டியது. "வானத்துக்கு அம்மை போட்டிருக்கு" என்றார் லூக். நல்லவேளை, அது மாதிரித் தாள்தான், இத்துடன் வைத்திருக்கிறேன். அடுத்த முறை நீ சொன்ன வரிசையிலேயே செய்தேன். கணுவில் 'டிக்' கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. தாளை வைத்து, அழுத்தி, துணியால் தேய்த்ததும் அந்த முதல் எழுத்து எழுந்து என்னைப் பார்த்தது. சின்ன வயதில் நீ எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு, அக்காவுக்கே கற்றுக்கொடுத்தேன் என்று தெருவெல்லாம் தம்பட்டம் அடித்தாயே. இதற்கும் அடித்துக்கொள், அனுமதி உண்டு.

கமீல் வாரம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகிறான். அவன்தான் இப்போது சங்கத் தலைவன். மூக்கைப் பக்கத்துக்குமேல் நீட்டி, "என் பேரு வர்ற எடம் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கட்டும் வேர்லெக்கா" என்கிறான். எல்லாப் பெயரும் ஒரே பளிச்சுதான் என்று சொல்லிவிட்டேன்.

மற்றவர்கள் நலமா என்று கேட்டிருந்தாய். யாரைக் கேட்கிறாய் என்பது தெரிகிறது. ஹில்டெ நலம். உன் கையைப் பிடிப்பாள் என்று நினைத்திருந்தேன், கமீலின் வீட்டில்தான் இருக்கிறாள்; நீ போன மறுவருடம் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். சந்தையில் பார்த்தால் பேசுவோம். உன்னைப் பற்றி அவளும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

அங்கே இருட்டுக்காலம் வருமுன் கண்ணைச் சோதித்துக்கொள்.

அக்கா


ஸ்வோல்வேர்,
20 அக்டோபர்

அன்புள்ள அக்கா,

நலம். நீயும் மாமாவும் நலமென்று அறிந்து மகிழ்ச்சி.

உன் நீலத்தில் கொஞ்சம் வெள்ளை கூடிவிட்டது. வெள்ளை கலந்த நீலம் தங்கத்துக்குப் பக்கத்தில் சோகையாகத் தெரியும். இரண்டு சொட்டு சிவப்பு விடு, ஊதாவாகப் போகாமல் பார்த்துக்கொள். தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்துக் கலக்கு, நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். தூரிகையை நக்கி முனை கூட்டும் பழக்கம் இன்னும் உனக்கு இருந்தால் விட்டுவிடு. சிவப்புக் கோடுகளுக்கு நான் படகில் பூசும் ஒரு சாயம் இருக்கிறது, உப்புக்காற்றுக்கே மங்காது. அனுப்பியிருக்கிறேன்.

ராஜாக்கள் பக்கம் முடிந்ததும் ஒரு படம் எடுத்துத் தாளில் அச்சிட்டு அனுப்பு. நம் காலத்து ராஜாக்கள் இருக்கும் பக்கம். எனக்குப் பார்க்க வேண்டும். நான் ராஜாவான 2009-ஐ எழுதும்போது உனக்குக் கை நடுங்கியிருக்கும் என்று நினைக்கிறேன். நடுங்கியிருந்தாலும் பரவாயில்லை.

ஈவோ


லிண்டர்கெர்க்க,
11 நவம்பர்

அன்புள்ள ஈவோ,

நலமா? இன்று புனித மார்ட்டின் நாள், தெருவில் பிள்ளைகள் விளக்கேந்திப் பாடுகிறார்கள். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முடிந்துவிட்டது! படம் இத்துடன். உன் சிவப்பு, உன் தங்கம், என் எழுத்து. நேற்று கடைசி வரியை எழுதி முடித்ததும் முள்ளைக் கழுவக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கமீல் வந்தான். வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்தான். வழக்கமாக ஏதாவது குறை சொல்வான். நேற்று ஒன்றுமே சொல்லாமல் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். நல்ல வேலைக்கு அவனும் மயங்குவான் போலிருக்கிறது.

நீ என்ன சொல்கிறாய் என்று கேட்க ஆவலாக இருக்கிறேன். குறை இருந்தால் தயங்காமல் எழுது.

அக்கா


ஸ்வோல்வேர்,
22 நவம்பர்

அக்காவுக்கு,

நலம். படம் கிடைத்தது. தங்கம் நன்றாக ஒட்டியிருக்கிறது. கோடுகள் நேராக இருக்கின்றன.

2008-க்கு அடுத்து 2010 வருகிறது. புரிந்துகொண்டேன்.

மீதியிருக்கும் தங்கத் தாளைத் திருப்பி அனுப்ப வேண்டாம்.

ஈவோ


லிண்டர்கெர்க்க,
29 நவம்பர்

ஈவோ,

நலம் விசாரிக்கப் பொறுமையில்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு, கோட்டுகூடப் போடாமல் சங்க மண்டபத்துக்கு ஓடினேன். நீ சொன்னது உண்மை. உன் வரி இல்லை.

நான் வேண்டுமென்று விடவில்லை. இதை நீ நம்ப வேண்டும். கமீல் தட்டச்சு செய்து கொடுத்த தாளைப் பார்த்துத்தான் எழுதினேன். 2008 கமீல் வண்டாலெ. 2009 ஈவோ டெபானெ. 2010 கமீல் வண்டாலெ. ஒரு வரி எழுதிவிட்டுத் தலையைத் தூக்கி, அடுத்த வரியைத் தாளில் தேடினேன். எழுதி முடித்த பெயரே மனதில் இருந்ததால், என் கண் கீழே இருந்த கமீலில் போய் உட்கார்ந்துவிட்டது. நடுவிலிருந்த நீ போய்விட்டாய். பார்த்தெழுதுகிறவர்கள் எல்லோருக்கும் வரும் நோய் இது. மாலை வகுப்பில் முதல் வாரமே இதைச் சொல்லித்தான் பயமுறுத்துவார்கள். அவ்வளவு சொல்லியும், உலகத்தில் இருக்கும் அத்தனை வரிகளில் உன் வரியில்தானா எனக்கு அது வர வேண்டும்!

தோலாக இருந்தால் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி எழுதலாம். இது காகிதம், சுரண்டினால் கிழிகிறது. ஓரத்தில் செய்து பார்த்தேன். தாளை முழுக்க மாற்றலாம் என்றால் பின்பக்கத்தில் சங்கத்தின் சாசனம் இருக்கிறது, இரண்டு பக்கமும் தங்கம். ஜனவரிக்குள் முடிகிற காரியமில்லை.

கமீலின் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. முன்பே கவனித்திருக்கிறான். அதற்காகத்தான் அன்றைக்கு என் கையைக் குலுக்கியிருக்கிறான்!

"இதுல என்ன தப்பு வேர்லெக்கா? நீயா செய்யலே, தானா நடந்திருக்கு. அப்படியே விட்டுடு" என்றான். "பாதியிலே ஓடிப்போனவன் எல்லாம் ராஜாவா?"

அவன் கணக்கு என்னவென்று உனக்குத் தெரியும். தொடர்ந்து மூன்று முறை பறவையை வீழ்த்தினவனுக்குப் பேரரசர் பட்டம். 2008, 2010, 2011. நடுவில் நீ இல்லையென்றால், 2009-இல் போட்டியே நடக்கவில்லை என்றாகி மூன்றும் தொடர்ச்சி. நம் ஊரில் நூறு வருடமாகப் பேரரசரே இல்லை. என்னிடமே வெட்கமில்லாமல் கேட்கிறான், ஓரத்தில் சிவப்பில் 'பேரரசர்' என்று எழுத முடியுமா என்று.

இத்தனையும் எழுதிவிட்டேன், இனி என் கோபத்தையும் கேள். இரண்டு வரியில் 'புரிந்துகொண்டேன்' என்று எழுதிவிட்டாய். என்ன புரிந்துகொண்டாய்? ஹில்டெவும் கமீலும் பழகுவது ஊருக்கே தெரிந்த அந்த இலையுதிர்காலத்தில், ராஜா கழுத்தில் போடும் சங்கத்தின் வெள்ளிச் சங்கிலியை என் வீட்டுத் தபால் பெட்டியில் திணித்துவிட்டு விடியுமுன் போனவன் நீ. ரொட்டிக் கடையில் நான் நுழைந்தால், "ராஜா எங்கே, வேட்டைக்குப் போயிருக்காரா?" என்பார்கள். வருடக்கணக்காகக் கேட்டேன். நீ அவளை விட்டு ஓடியதில் எனக்குக் கோபமில்லை. ஊரை விட்டு ஓடியதிலும் இல்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அப்படிப்பட்ட கோபம் இருந்தும் உன் பெயரை நான் வேண்டுமென்று விடுவேனா? யோசித்துப் பார்.

வேர்லெ


லிண்டர்கெர்க்க,
17 டிசம்பர்

அன்புள்ள ஈவோ,

உன்னிடமிருந்து பதில் இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதே கையை விரித்துக் காட்டிவிடுகிறார், அவருக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. நீ நலமாக இருக்கிறாய் என்றாவது எழுது.

ஜனவரி ஏழாம் தேதி சங்கக் கூட்டம். புத்தகத்தை அப்படியே ஏற்பதா என்று அங்கே கை தூக்கச் சொல்வார்கள். கமீல் வீடுவீடாகப் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறான். அவன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. நீ போனபிறகு மீதி வருடம் முழுவதும் ஊர்வலத்திலும் சாவு வீட்டிலும் அந்தச் சங்கிலியைச் சுமந்தவன் அவன்தான். ஆனால் அதற்காக உன்னை இல்லாதவனாக்க என் பேனாவைக் கொடுக்க மாட்டேன். அவர்கள் இப்படியே ஏற்றால், என் பெயரைப் புத்தகத்தில் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். லூக் மேஜையைத் தட்டினார், முதுகு பிடித்துக்கொண்டது.

கோபமாக எழுதியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். ஆனால் கோபத்தில் உனக்குக் கிறிஸ்துமஸ் வாழ்த்துச் சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன். சூடாகச் சாப்பிடு.

அக்கா


ஸ்வோல்வேர்,
27 டிசம்பர்

அன்புள்ள அக்கா,

நலமாகத்தான் இருக்கிறேன். உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. முதல் கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். இங்கே இப்போது சூரியன் எழுவதில்லை, மதியம் கொஞ்சம் சாம்பல் வெளிச்சம், அவ்வளவுதான். அந்த வெளிச்சத்தில் எடுத்துப் படிப்பேன், மடித்து வைப்பேன். கிறிஸ்துமஸ் அன்று துரிட் பொறுமையிழந்து பிடுங்கிக்கொண்டாள். நம் மொழி அவளுக்குத் தெரியாது. "என்ன எழுதியிருக்கா, மரியாதையா சொல்லு" என்றாள். சொன்னேன். "அட மடையா, சண்டை போடவாவது ஓர் ஆள் இருக்காளே உனக்கு! உட்கார்ந்து பதில் எழுது!" என்று கத்தினாள்.

நம்புகிறேன். அந்தப் படத்தைப் பார்த்த நிமிடமே பாதி நம்பினேன். உன் எழுத்தில் ஒரு நடுக்கமும் இல்லை. வேண்டுமென்று விட்டிருந்தால் உன் கை காட்டிக்கொடுத்திருக்கும்.

அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று நீ கேட்கவில்லை, ஆனாலும் கேட்டுவிட்டாய். உன் சமையலறையில் விளக்கு எரிந்தது. கதவைத் தட்டியிருந்தால் நீ காபி போட்டிருப்பாய். அதைக் குடித்திருந்தால் போயிருக்க மாட்டேன். இருந்திருந்தால், ஒவ்வொரு விருந்திலும் ராஜா என்று தலைமை இருக்கையில் உட்கார்ந்து, எதிரே கமீலையும் அவளையும் பார்த்துக்கொண்டு கோப்பையைத் தூக்கியிருக்க வேண்டும். அதனால்தான் தட்டவில்லை.

எனக்காகச் சண்டை போடாதே. கமீல் பேரரசராகட்டும். உன் பெயர் புத்தகத்தில் இருக்க வேண்டும். அதுதான் எனக்கு முக்கியம். என்னை விட்டுவிடு, நான் பழகிவிட்டேன்.

புத்தாண்டு உங்கள் இருவருக்கும் நல்லதாகட்டும்.

தம்பி
ஈவோ


லிண்டர்கெர்க்க,
8 ஜனவரி 2024
(விரைவுத் தபால்)

என் அன்புத் தம்பிக்கு,

நலமா? நான் இதுவரை இவ்வளவு நலமாக இருந்ததில்லை. நேற்றுக் கூட்டத்தில் நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் எழுந்து போகாதே.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. படித்து, அழுது, முகம் கழுவிவிட்டு, மண்டபத்துச் சாவியை வாங்கிக்கொண்டு போனேன். யாரையும் கேட்கவில்லை. வரியைத் தவறவிட்ட துறவிகள் எல்லோரும் தாளைக் கிழித்துப் போட்டுவிடவில்லை ஈவோ. சிலர் விட்ட வரியைப் பக்கத்தின் அடியில் எழுதி, அதைச் சுற்றிக் கயிறு கட்டி, ஓரத்தில் ஒரு குட்டி மனிதனை வரைந்து, அவன் அந்த வரியை மேலே அதன் இடத்துக்கு இழுப்பதுபோலச் செய்துவிடுவார்கள். தப்பை மறைப்பதில்லை, எல்லோருக்கும் தெரியும்படி தூக்கி வைப்பார்கள். வகுப்பில் படம் காட்டியபோது சிரித்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை அது நினைவுக்கு வந்தபோது சிரிக்கவில்லை.

அடியில், '2009 ஈவோ டெபானெ' என்று எழுதினேன். முதல் எழுத்துக்கு உன் தங்கம். கணுவில் 'டிக்' கேட்கும்வரை காத்திருந்தேன். பிறகு கயிறு. பிறகு ஓரத்தில் ஏணிமேல் நின்று, ஒரு காலை உதைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து இழுக்கிற ஓர் ஆள். குட்டி மனிதனாகத்தான் வரைய நினைத்தேன். வரைந்து முடித்தபோது அது கண்ணாடி போட்ட பெண்ணாகிவிட்டது.

நேற்று கமீல் எழுந்து நின்று, ஓடிப்போனவர்கள், கடமை, சங்கிலி என்று நீளமாகப் பேசினான். பிறகு புத்தகத்தைத் திறந்து எல்லோருக்கும் காட்டினான். காட்டியபிறகுதான் அவனே பார்த்தான். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரிக்க, பின்னாலிருந்தவர்கள் எட்டிப் பார்க்க, ஒரே கூட்டம்.

"யாரைக் கேட்டு இதை வரைஞ்சே?" என்றான் கமீல்.

"தப்பு என்னுது. திருத்தறதுக்கு யாரைக் கேக்கணும்?" என்றேன்.

"எட்டு மாசம் அந்தச் சங்கிலியைச் சுமந்தது யாரு? அவனா? அவன் வடக்கே மீன் தின்னுட்டிருந்தான்!"

அப்போதுதான் ஹில்டெ எழுந்தாள். இத்தனை வருடத்தில் அவள் சங்கக் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. "கமீல், சங்கிலியை நீ சுமந்தே. இல்லேன்னு யாரும் சொல்லலே" என்றாள். "ஆனா பறவையை வீழ்த்தினது ஈவோ. நான் கம்பத்துக்குக் கீழே நின்னேன். இறகு என் தலையிலே விழுந்துச்சு. அப்புறம் நானும் நீயும் செஞ்சதுக்கும் அவன் ஓடினதுக்கும் அந்தப் பறவை என்ன பண்ணும்?"

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கமீல் அவளைப் பார்த்தான், புத்தகத்தைப் பார்த்தான். அவன்மேல் எனக்கு அந்த நிமிடம் பாவமாகத்தான் இருந்தது. நூறு வருடத்துப் பட்டம் கைக்கு எட்டியது, வாய்க்கு எட்டவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "இந்தப் பொம்மைக்கு உன் மூக்கே வெச்சிருக்கியே, வேர்லெக்கா" என்றான். பிறகு கையைத் தூக்கினான். முதல் கை அவனுடையதுதான். அதைப் பார்த்துவிட்டு மற்றவர்கள் எல்லோரும் தூக்கினார்கள். நீ 2009-இன் ராஜா, என் தம்பி. இனி யாராலும் அசைக்க முடியாது.

புதிய படம் வைத்திருக்கிறேன். இருபதாம் தேதி சனிக்கிழமை விருந்து. உயிரோடிருக்கும் ராஜாக்கள் எல்லோருக்கும் ஒரே மேஜை. இத்தனை மாதமாகத் தங்கம், நீலம், சிவப்பு என்று என்னென்னவோ எழுதினேன். எழுத நினைத்தது ஒன்றுதான். வா, ஈவோ. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

அக்கா
வேர்லெ


ஸ்வோல்வேர்,
12 ஜனவரி
(விரைவுத் தபால்)

அன்புள்ள அக்கா,

நலம். உண்மையாகவே நலம்.

படத்தைப் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கிறேன். படகுக்காரர்கள் ஒவ்வொருவரும் வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். இழுக்கும் அம்மாவை எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. "இந்தம்மா நம்ம படகுக்கு வந்தா வலை இழுக்க மெஷினே வேண்டாம்" என்கிறார் ஒருவர். மூக்கு விஷயத்தில் கமீல் சொன்னது சரி. ஹில்டெவிடம் நன்றி சொல். வேண்டாம், அதை நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் ஒரு குறை. குறை இருந்தால் தயங்காமல் எழுது என்று நீதான் சொன்னாய். என் வரியைக் கயிற்றில் கட்டியிருக்கிறாயே, அந்த முடிச்சு செல்லாது. எந்தப் படகுக்காரனைக் கேட்டாலும் சொல்வான். அது பொட்டலம் கட்டும் முடிச்சு. பாரம் ஏறினால் நழுவிவிடும். பாதி உயரத்தில் நான் மறுபடி கீழே விழுவேன், நீ ஏணியோடு பின்னால் சாய்வாய். துரிட்டும் பார்த்துவிட்டு, "உங்க அக்காவுக்கு எழுதத் தெரியுது, கட்டத் தெரியலே. போய் நீயே கட்டிட்டு வா" என்றாள். பயணச் சீட்டையும் அவளே எடுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மாலை ஈப்பர் ரயில் நிலையத்தில் இறங்குகிறேன். லூக் மாமா முதுகோடு வர வேண்டாம், நீ மட்டும் வா. ஏணிக்குக் கீழே, கயிற்றின் வால் தொங்கும் இடத்தில், கட்டைவிரல் அளவுக்கு வெற்றுக் காகிதம் இருக்கிறது. தெரியாமல் விட்டாயா, தெரிந்து விட்டாயா என்று கேட்கப்போவதில்லை. அங்கே யாரையும் கை வைக்க விடாதே. சின்னத் தூரிகையைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டேன். முடிச்சை மாற்றிய கையோடு, உனக்குப் பின்னால் நின்று இழுக்க ஒருவனை அங்கே வரைய வேண்டும்.

தம்பி
ஈவோ